மார்பளவு நீர், 32 டிகிரி, பிடித்து இறங்கப் படி: நீச்சல் குளம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நீச்சல் குளங்களை நிர்வகிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் உங்கள் அலுவலக வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் கையில் ஒரு மருந்துச் சீட்டு இருக்கும். அதன் அடியில் 'நீச்சல் போகவும்' என்று இரண்டே சொற்கள். வருபவருக்கு நீந்தத் தெரியாது. சீட்டு எழுதியவருக்கு உங்கள் குளம் எத்தனை அடி ஆழம் என்று தெரியாது. உங்களுக்கோ இவரைப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பில் சேர்ப்பதா, திருப்பி அனுப்புவதா என்று தெரியாது. இந்த மூன்று 'தெரியாது'களுக்கும் நடுவில் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

மூட்டு நோயாளிகளுக்கு நீரில் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர்கள் நாங்கள். நீர்ப்பயிற்சி என்பது நீச்சல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நின்றும் நடந்தும் செய்வது அது. தலை நனைய வேண்டியதில்லை, நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இதற்கு உங்களிடம் நாங்கள் கேட்பவை: ஏறி இறங்க நல்ல படி, சரியான ஆழம், போதிய வெதுவெதுப்பு. மற்ற எல்லாவற்றையும் ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம்.

படியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பல குளங்களில் இறங்குவதற்குச் சுவரோடு ஒட்டிய செங்குத்தான எஃகு ஏணி மட்டுமே இருக்கிறது. இளைஞர்களுக்கு அது ஏணி. முழங்கால் தேய்ந்தவருக்கு அது என்னவென்று கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். நாற்பது நிமிடம் நீரில் நின்றவர் ஏணியின் அடிக்கம்பியில் ஒரு காலை வைக்கிறார். முழங்கால் செங்கோணத்துக்கும் மேலாக மடங்குகிறது. கையால் இழுத்து மேலே வருகிறார். நீர் இடுப்புக்குக் கீழே இறங்க இறங்க, அதுவரை நீர் தாங்கியிருந்த எடை முழுவதும் அந்த ஒற்றைக் காலுக்கு வருகிறது. நன்றாக மடங்கிய முழங்காலில் எடை ஏறும்போது முழங்கால் சில்லின் பின்புறத்தில் அழுத்தம் கூடுகிறது. போதாக்குறைக்குக் கம்பியும் ஈரம், பாதமும் ஈரம். நாற்பது நிமிடம் பாதுகாத்த மூட்டுக்கு இந்த ஒரு நிமிடம் போதும். 'தண்ணீரில் நன்றாகத்தான் இருந்தது, வீட்டுக்குப் போனதும் வலித்தது' என்று ஒருவர் சொன்னால், பயிற்சியைச் சந்தேகிக்கும் முன் அவர் எந்த வழியாகக் கரையேறினார் என்று கேளுங்கள்.

ஒவ்வொரு படியின் உயரமும் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கால் முழுதாகப் பதிய 30 செ.மீ. அகலம் வேண்டும். எந்தக் கால் வலிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டியிருப்பதால் கைப்பிடிக் கம்பி இருபுறமும் இருக்க வேண்டும். அந்தக் கம்பி கடைசிப் படியோடு நின்றுவிடாமல் கரைமேல் ஓரடியாவது நீள வேண்டும், ஏனென்றால் கால் தடுமாறுவது அந்த இடத்தில்தான். நீருக்குள் படி விளிம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒவ்வொரு விளிம்பிலும் அடர்நிறப் பட்டை ஒட்டுங்கள். சாய்தளம் கட்ட இடமிருந்தால் 12 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்பது கணக்கு. இரண்டுக்கும் வழியில்லையா? குளத்துக்குள் இறக்கிவைத்துக் கரையோடு பூட்டும் கழற்றிமாட்டும் படிக்கட்டுகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் மூட்டு நோயாளிகளுக்கான நேரம் முடிந்ததும் எடுத்துவிடலாம். படியருகே ஒரு பலகையும் வையுங்கள்: 'ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.'

அடுத்தது ஆழம். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு என்று நீரை உடம்பை வைத்தே அளக்கிறோம் அல்லவா? எங்கள் தொழிலுக்கு மீட்டர் கணக்கைவிட இதுவே சரியான அளவு. ஒருவர் அசையாமல் நிற்கும்போது இடுப்பெலும்பின் முன்முனை வரை நீர் இருந்தால் கால்மீது இறங்குவது உடல் எடையில் ஏறத்தாழ பாதி. மார்பெலும்பின் அடிநுனி வரை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, பெண்களுக்கு அதற்கும் சற்றுக் குறைவு. கழுத்துவரை என்றால் பத்தில் ஒரு பங்கு. நடக்கும்போது இந்த எண்கள் கூடும். ஆனாலும் வரிசை மாறாது.

150 செ.மீ. உயரமுள்ளவருக்கு மார்பளவு என்பது சுமார் 1.1 மீட்டர், 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு சுமார் 1.25 மீட்டர். எனவே எங்களுக்கு வேண்டியது 1 மீட்டரிலிருந்து 1.4 மீட்டர் வரை ஆழமுள்ள சமதளம். ஆழம் கூடினால் இன்னும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீர் தோளைத் தாண்டினால் குதிகால் தரையில் பதியாது. ஆள் நுனிக்காலில் நடப்பார், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், பயத்தில் கம்பியை இறுக்கிப் பிடிப்பார், தோளும் வலிக்கும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது இன்னும் சிக்கல். கொழுப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அவர்கள் எளிதில் மிதப்பார்கள், கால் தரையைவிட்டு எழும்பிவிடும். அவர்களுக்கு மார்பளவைவிட ஒரு சாண் குறைவான ஆழமே உறுதி தரும்.

தரை சாய்வாக உள்ள குளத்தில் குறுக்காக நடக்க விடாதீர்கள். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக அரைமணி நேரம் நடந்தால் இரண்டு கால்களுக்கும் சுமை சமமாகப் போகாது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று நேராக நடக்கட்டும். தரை சட்டென்று பள்ளமாகும் இடத்துக்கு முன்பே கயிறு கட்டிவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டவரைத் தூக்கிவிட உயிர்காப்பாளர் இருப்பார், சரிதான். ஆனால் தடுமாறியவர் மறுநாள் குளத்துப் பக்கம் வரமாட்டார்.

இனி வெப்பம். போட்டி நீச்சலுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் சரியானது. வேகமாக நீந்துபவரின் உடல் தானே சூடாகிவிடும். எங்கள் ஆட்கள் மெதுவாக நகர்கிறவர்கள், பலர் வயதானவர்கள். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்தும். 27 டிகிரி நீரில் நின்று மெதுவாகக் கால் நீட்டினால் பத்து நிமிடத்தில் உடம்பு சில்லிட்டுத் தசைகள் இறுகும். இறுகிய தசை மூட்டைப் பிடித்து நெருக்கும். 32 முதல் 34 டிகிரி வரை வையுங்கள். விறுவிறுப்பாக நடக்கும் குழுவுக்கு 30 போதும். 35-ஐத் தாண்டினால் களைப்பும் தலைச்சுற்றலும் வரும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். 'சூடு நல்லதுதானே' என்று ஹீட்டரை ஏற்றிவிட வேண்டாம்.

பெரிய குளத்தை 32 டிகிரிக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது கட்டுப்படியாகாது, நீச்சல் வீரர்களும் சண்டைக்கு வருவார்கள். பிள்ளைகள் பழகும் சின்னக் குளம் இருக்கிறதே, வார நாட்களில் பகல் முழுவதும் காலியாகக் கிடக்குமே, அதைத்தான் கேட்கிறோம். அதற்கு இரவில் மூடுவிரிப்பு போட்டாலே வெப்பம் வெகுவாகத் தங்கும். ஆழமும் பெரும்பாலும் பொருந்தும், 1 மீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் பயனில்லை. வெப்பநிலையைச் சூடான நீர் வந்து விழும் குழாயருகே அளக்காதீர்கள். ஆட்கள் நிற்கப்போகும் இடத்தில், ஓரடி ஆழத்தில் அளங்கள்.

வெதுவெதுப்பான நீருக்கு ஒரு விலை உண்டு. குளோரின் விரைவாகத் தீரும். வியர்வை கூடும். இந்தக் குழுவுக்கே உரிய இன்னொன்றும் சேரும்: வலி தைலம். முழங்கால் வலி உள்ளவர்களில் காலையில் தைலமோ களிம்போ பூசாதவர் அபூர்வம். அது அப்படியே குளத்தில் கரைந்து குளோரினைத் தின்னும், நீரின்மேல் படலமாக மிதக்கும், படியையும் வழுக்கலாக்கும். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் கால் கழுவுவதைக் கட்டாயமாக்குங்கள். கட்டற்ற குளோரின், அதாவது இன்னும் எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லக்கூடிய குளோரின், லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை. இவற்றை நாளுக்கு ஒருமுறை என்றில்லாமல் ஒவ்வொரு குழுவுக்கு முன்பும் பாருங்கள். 'குளோரின் நாற்றம்' அடித்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமில்லை. வியர்வையோடு சேர்ந்து கெட்டுப்போன குளோரினின் நாற்றம் அது. இப்படிச் சேர்ந்த குளோரின் லிட்டருக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டினால் கண் எரியும், இருமல் வரும், புதுநீர் விட வேண்டும். குளித்துப் போனவர்களுக்கு மறுநாள் உடம்பில் சிவந்த கொப்புளங்கள் எழும்பினால் குளத்தில் கிருமி பெருகியிருக்கலாம். தோல் மருத்துவரைக் குறை சொல்வதற்கு முன் வடிகட்டியைப் பாருங்கள்.

இப்போது நீருக்குள் நடப்பது. இதை உங்கள் பயிற்றுநர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். ஏனென்றால், நல்ல குளம் இருந்தும் பயிற்சி வீணாவது இந்த இடத்தில்தான்.

நீர் இரண்டு வேலை செய்கிறது: மேலே தூக்குகிறது, அசைவைத் தடுக்கிறது. தடுக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தை இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. ஆகவே நீரில் மருந்தின் அளவு வேகம்தான். எத்தனை முறை செய்தார் என்பது இரண்டாம் பட்சம். மெல்ல மெல்ல நூறு முறை காலாட்டினாலும் தசை பலப்படாது.

நின்றபடி முழங்காலை நீட்டும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தொடையை முன்னால் தூக்கி, மடங்கிய முழங்காலை நீட்ட வேண்டும். தரையில் இதைச் செய்தால் தொடையின் முன்தசைதான் கால் எடையைத் தூக்கும். முழங்காலைக் காப்பாற்றும் தசை அது. நீரிலோ மிதப்பு விசையே காலை மேலே தள்ளிவிடும். மெதுவாக நீட்டினால் கால் தானாக மிதந்து நேராகிவிடும், முன்தசை தூங்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு அழகான பயிற்சி போலத் தெரியும். இதில் நுரை மிதவையை வேறு கணுக்காலில் கட்டிவிடுகிறார்கள், 'எடை' கட்டுவதாக நினைத்துக்கொண்டு. மிதவை கட்டினால் நீட்டுவது இன்னும் எளிதாகும். மடக்கிக் கீழே அழுத்துவதுதான் கடினமாகும். அதாவது வேலை முழுவதும் தொடையின் பின்தசைக்குப் போய்விடும். பின்தசைக்கும் பயிற்சி வேண்டும்தான், ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். முன்தசையைப் பலப்படுத்த, மிதவையைக் கழற்றிவிட்டு, வலி அனுமதிக்கும் வேகத்தில் சட்டென்று நீட்டச் சொல்லுங்கள். நீட்டிய நிலையில் முன்தொடையை இறுக்கி இரண்டு எண்ணும்வரை நிறுத்தட்டும். பிறகு மடக்கட்டும். 10 முறை, இடையில் ஓய்வு, மொத்தம் 2 அல்லது 3 சுற்று. துடுப்பு போன்ற தடைக் கருவிகளை முதல் மாதம் தொடவே வேண்டாம். நீரில் எடை குறைகிறது என்பதால் மூட்டுக்குள் சுமையே இல்லை என்று ஆகிவிடாது. வேகமாக உதைக்கும்போது தசைகளே மூட்டை நெருக்கும், கருவி சேர்ந்தால் அது பலமாகும்.

குந்தி எழும் பயிற்சியில் ஆழம்தான் எடைத்தட்டு. தொடக்கத்தில் மார்பளவு நீரில், கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலை 45 டிகிரி வரை மடக்கினால் போதும். முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகப் போக வேண்டும். உள்ளே சரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மூன்று வாரத்தில் இது சுலபமாகிவிடும். அப்போது எண்ணிக்கையைக் கூட்டாமல் அவரை இடுப்பளவு நீருக்குக் கொண்டுவாருங்கள். ஏறி இறங்கும் பயிற்சிக்கு 15 செ.மீ. உயரப் பலகை வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துப் பிளாஸ்டிக் பலகை நீரில் நழுவும், சிலவகை மிதக்கவே செய்யும். அடியில் கனமும் உறிஞ்சுபிடியும் உள்ளதையே வாங்குங்கள்.

நடைதான் மொத்தப் பயிற்சியின் முதுகெலும்பு: முன்னோக்கி, பின்னோக்கி, பக்கவாட்டில். முதல் 8 முதல் 10 நிமிடம் நடை மட்டுமே. குதிகால் முதலில் பதிய வேண்டும், உடம்பு முன்னே சாயக் கூடாது. பக்கவாட்டு நடையில் பாதம் வெளியே திரும்பிக்கொண்டால் இடுப்பின் பக்கத்தசைக்கு வேலை போய்விடும், விரல்கள் நேரே முன்னால் பார்க்கட்டும். எல்லோரையும் ஒருவர் பின்னால் ஒருவராக விடாதீர்கள். முன்னவர் நீரைப் பிளந்துகொண்டு போக, பின்னவர் சும்மா இழுபட்டுப் போவார். ஒரே வரிசையில் தோளோடு தோளாக நடக்கட்டும். வட்டமாகச் சுற்றினால் நீரும் சுற்ற ஆரம்பிக்கும். முன்னறிவிப்பில்லாமல் 'திரும்புங்கள்' என்றால் அந்தச் சுழற்சியே மெலிந்தவர்களைச் சாய்த்துவிடும்.

நாடித்துடிப்பைப் பார்த்து உழைப்பை அளக்காதீர்கள். மார்பளவு நீரில் அதே உழைப்புக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 10 அல்லது 15 வரை குறைவாகவே காட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த அளவுகோல் போதும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை வழக்கத்தைவிட வலியோ வீக்கமோ கூடியிருந்தால் அடுத்த வகுப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒரு வகுப்பு 45 நிமிடம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று, குறைந்தது 8 முதல் 12 வாரம்.

நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தட்டும், ஆனால் தவளை நீச்சல் வேண்டாம். அந்த உதையில் கீழ்க்கால் வெளியே சுழன்று முழங்காலின் உட்புறம் இழுபடும். மல்லாந்து நீந்தலாம், குப்புற நீந்தினால் இடுப்பிலிருந்து மெதுவாகக் காலடிக்கலாம். தாளத்துக்குக் குதித்துத் திரும்பும் நீர் ஏரோபிக்ஸ் வகுப்போடு இவர்களைச் சேர்த்துவிடாதீர்கள். அது நல்ல வகுப்பு, வேறு ஆட்களுக்கானது.

யாரை அன்று இறக்கக் கூடாது? ஆறாத புண், தோல் தொற்று, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்களை. கட்டுக்குள் வராத வலிப்பு நோய், நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களை. இதயச் செயலிழப்பு உள்ளவர் மருத்துவர் அனுமதியில்லாமல் கழுத்தளவு நீரில் நிற்கக் கூடாது. நீரின் அழுத்தம் கால்களிலிருந்து ஏறக்குறைய முக்கால் லிட்டர் ரத்தத்தை நெஞ்சுப்பக்கம் தள்ளும், பலவீனமான இதயம் அதைத் தாங்காது. முழங்கால் திடீரென்று சூடாகி வீங்கியிருந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ முதலில் மருத்துவமனை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் ரப்பர் அடிப்பாகமுள்ள நீர்க்காலணி போடட்டும். தரையின் சொரசொரப்பு தோலை உரித்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கரையேறுவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நீரின் அழுத்தம் நீங்கியதும் ரத்தம் மறுபடி கால்களுக்கு இறங்கும், தலை சுற்றும். மார்பளவிலிருந்து இடுப்பளவுக்கு வந்து ஒரு நிமிடம் நின்று, பிறகு படி, பிறகு இருக்கை. இருக்கை 45 முதல் 50 செ.மீ. உயரம், கைப்பிடியோடு. உடைமாற்றும் அறையில் தாழ்ந்த முக்காலி போட்டுவைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிடுங்கள், உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருக்கும். நீரில் நின்றால் சிறுநீர் கூடும் என்பதால் கழிப்பறை அருகில் வேண்டும், அதுவும் நாற்காலி போல் உட்காரும் வகை. கரைத்தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். நீருக்குள் விழுந்தால் நனைவதோடு போகும், கரையில் விழுந்தால் இடுப்பெலும்பு தப்பாது.

இதையெல்லாம் செய்தால் என்ன கிடைக்கும்? மிகைப்படுத்திச் சொல்லி உங்களிடம் குளம் கேட்க விரும்பவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மறுஆய்வு, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 1190 பேர் பங்கேற்ற 13 ஆய்வுகளைத் தொகுத்தது. பயிற்சி முடியும் காலத்தில் வலியும் இயலாமையும் 100 புள்ளி அளவுகோலில் சுமார் 5 புள்ளி குறைந்திருந்தன. சின்னப் பலன்தான், அதுவும் குறுகிய காலப் பலன். தேய்ந்த குருத்தெலும்பு நீரில் வளர்ந்துவிடாது. மாடிப்படி இறங்கும்போது உடல் எடையை மெல்ல மெல்லத் தாங்கி இறக்கும் வேலையை முன்தொடை செய்கிறது பாருங்கள், அந்த வேலை நீரில் மிகக் குறைவாகவே கிடைக்கும். அதனால் எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடத்தைக் கரையில், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கும் தாழ்ந்த படியில் ஏறி இறங்குவதற்கும் கொடுக்கிறோம். தரையில் பத்தடி நடக்கவே பயப்படுபவரைப் பயிற்சி என்ற பாதையில் ஏற்றிவிடுவதற்கு நீர். பலருக்கு அந்த முதல் அடி வேறெங்கும் கிடைப்பதில்லை.

முன்னேற்றத்தை அளக்க எங்களுக்குக் கருவி வேண்டாம். கைப்பிடியில்லாத, 43 செ.மீ. உயர நாற்காலி ஒன்று, வழுக்காத 10 மீட்டர் தரை ஒன்று. 30 நொடியில் எத்தனை முறை கைகளைக் கட்டிக்கொண்டு எழுகிறார், 40 மீட்டரை எவ்வளவு நேரத்தில் வேகமாக நடக்கிறார் என்று முதல் நாளும் பன்னிரண்டாம் வாரமும் குறித்துவைப்போம். அந்த எண்களை உங்களுக்கும் தருகிறோம்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு அளவுநாடாவும் ஒரு வெப்பமானியும் எடுத்துக்கொண்டு உங்கள் சின்னக் குளத்துக்குப் போங்கள். மிகக் குறைந்த ஆழம், மிகக் கூடிய ஆழம், இன்றைய வெப்பநிலை, படியா ஏணியா. இந்த நான்கையும் வாசல் பலகையில் எழுதுங்கள், அருகிலுள்ள மூட்டு மருத்துவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த சீட்டில் 'நீச்சல் போகவும்' என்று இருக்காது. 'மார்பளவு நீரில் நடை, வாரம் மூன்று நாள், படி வழியாக' என்று இருக்கும்.

இப்படிக்கு,
மூட்டு நோயாளிகளோடு நீரில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள்